எரிமலைத் தீவில் தோழி வீடு: ரீயூனியன் போய்வந்தவர்களும் போகப்போகிறவர்களும் பேசலாம்

தென்கடல் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற அக்டோபர் கடைசியில் ரீயூனியன் தீவில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். தங்கியது முழுக்க என் தோழி வீட்டில். அவள் புதுச்சேரியில் ஓராண்டு படிக்க வந்தபோது எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். ஊருக்குத் திரும்பும்போது, ஒருநாள் என்னை அவள் தீவுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று என் அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். ஒன்பது வருடம் கழித்து அம்மா அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

தீவைப் பற்றி அறியாதவர்களுக்காக: மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் நாணயம். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் 3,070 மீட்டர் உயர மலை ஒன்று நிற்கிறது. அதன் பெயர் பித்தோன் தெ நேழ். அது ஓய்ந்துபோன எரிமலை. தென்கிழக்கு மூலையில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் ஓயவில்லை. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று.

தோழி வீடு கிழக்குக் கரையில், பித்தோன் சேந்த்-ரோஸ் என்ற ஊரில், கரும்புத் தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. கொல்லையில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மஞ்சள் எல்லாம் நின்றன. வேலியோரம் தாழை. நான் பார்த்தது அயல்நாட்டுக் கொல்லை என்று மனம் ஒப்பவே இல்லை. முருங்கைக் கீரைக்கு அங்கே 'ப்ரேத் முரூம்' என்று பெயர். கறிவேப்பிலையைக் 'கலுப்பிலே' என்கிறார்கள். முதல் நாள் மாலை தோழியின் தாயார் அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து தக்காளியையும் பச்சைமிளகாயையும் இஞ்சியையும் உப்பு வைத்து நசுக்கினார். கடைசியில் கொம்பாவா என்கிற சொரசொரப்பான எலுமிச்சையின் தோலை மேலே துருவினார். அந்த மணம் அடுக்களையைத் தாண்டி முற்றம் வரைக்கும் வந்தது. அதன் பெயர் 'ரூகாய்'. நம் ஊறுகாய்தான் அப்படி ஆனது என்பார்கள். சோற்றுக்குப் பக்கத்தில் அது இல்லாமல் அங்கே யாரும் சாப்பிட உட்காருவதில்லை.

இப்போது நான் இந்த இழையைத் தொடங்கிய காரணத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் தோழியின் தாயார் கொல்லை மூலையில் இருந்த சிவப்புக் கொடி நட்ட சின்ன மேடையைக் காட்டி, "மல்தேவிரின்" என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மதுரை வீரன்! அதைச் சரியாக மதுரை வீரன் என்று சொல்ல வேண்டும்" என்று மூன்று முறை சொல்லிக் காட்டினேன். அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு என் எதிரில் அந்தப் பெயரை அவர் சொல்லவே இல்லை. மேடையில் விளக்கு வைக்கும்போதும் நான் வந்தால் உதட்டை மூடிக்கொண்டார். என் அம்மாவை ஒன்பது வருடம் நினைவில் வைத்திருந்த குடும்பம் அது. அவர்கள் கொல்லையில் நின்று அவர்கள் சாமியின் பெயரை நான் திருத்தினேன். இன்றும் அது நெஞ்சில் குத்துகிறது.

அங்கே போகிற நம் ஆட்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மலை, அருவி, எரிமலை பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பயணப்பை

அக்கா, வணக்கம். எனக்கும் அங்கே ஒரு நண்பர் இருக்கிறார். ஆகஸ்டில் வரச் சொல்கிறார். அவர் வீட்டிலேயே தங்குவதாக இருந்தால் விசாவுக்கு என்னென்ன வேண்டும்? ஐரோப்பாவுக்கு எடுத்த ஷெங்கன் விசா போதுமா?

தென்கடல்

பெரும்பாலும் போதாது தம்பி. ரீயூனியன் பிரான்சின் பகுதிதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. விண்ணப்பிக்கும்போதே ரீயூனியனுக்கு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். நண்பர் வீட்டில் தங்குவதால், அவர் தம் ஊர் நகராட்சியில் 'விருந்தினரை ஏற்கும் சான்று' வாங்கி மூலப் படியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். என் தோழிக்கு அதற்காக இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது. ஆகவே இன்றைக்கே சொல்லிவையுங்கள். விதிகள் மாறக்கூடும், தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் மொரீஷியஸ் வழியாகப் போனேன். அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான்.

ஆகஸ்ட் நல்ல மாதம். புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆனால் ஆகஸ்டில் மலை மேல் கடுங்குளிர் இருக்கும். கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

கருங்கல்

நான் புவியியல் படித்தவன். இந்தத் தீவின் பெயரைக் கேட்டாலே எனக்கு ஒரு பரவசம் உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்திருக்கிறார்களே, அந்தக் கரும்பாறை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுவதும் அந்தக் குழம்பு பரவியது. பூமியின் ஆழத்தில் சூடு மேலெழும் ஓர் இடம் இருக்கிறது. அதன் மேலே அப்போது இந்திய நிலத்தட்டு இருந்தது. தட்டு வடக்கே நகர்ந்துபோனது, சூட்டிடம் பின்தங்கிவிட்டது. போன வழியெல்லாம் தடம் விழுந்தது: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், பிறகு மொரீஷியஸ். இன்று அந்தச் சூட்டிடத்தின் மேல் நிற்பது ரீயூனியன். பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம் இது. தமிழர்கள் கப்பலேறி அங்கே போவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே தக்காணத்துக்கும் அந்தத் தீவை உண்டாக்கிய சூட்டிடத்துக்கும் உறவு இருந்திருக்கிறது.

ஃபூர்னேஸின் குழம்பு இளக்கமானது, நீர்த்த கூழ் மாதிரி ஓடும். அதனால்தான் அது பெரும்பாலும் குமுறிச் சிதறாமல் வழிந்து ஓடுகிறது. வெடிப்புகளில் பெரும்பாலானவை, மக்கள் குடியிருக்காத, குதிரை லாடம் போன்ற ஒரு பெரும்பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 1977இல் அந்த எல்லையைத் தாண்டியது. தென்கடல் குறிப்பிட்ட ஊர்தான் அப்போது சிக்கியது. 2007 ஏப்ரலில் மலையுச்சிப் பள்ளமே 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிச் சரிந்தது. உச்சிக்குப் போனீர்களா?

தென்கடல்

போனேன், கருங்கல் ஐயா. 1977 கதையையும் கேட்டேன், அதை முதலில் சொல்கிறேன்.

தோழியின் தந்தைக்கு அப்போது பதின்மூன்று வயது. ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். அவருடைய தாயார் தையல் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினாராம். மகன் சாமிப் படங்களைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாராம். குழம்பு மேட்டிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, மாதா கோவில் வாசலுக்கு வந்து இரண்டாகப் பிரிந்து சுவர்களின் இருபுறமாகவும் போய்விட்டது. கோவில் நின்றது. இன்று அதற்கு நோத்ர்-தாம் தெ லாவ், அதாவது எரிகுழம்பு மாதா என்று பெயர். வாசற்படியை ஒட்டி உறைந்து கிடக்கும் கருங்குழம்பின் மேல் நான் கை வைத்துப் பார்த்தேன். கயிறு முறுக்கினாற்போல் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. அந்த வெடிப்புக்குப் பிறகுதான், 1979இல், எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வகத்தை பூர்-முரா என்ற மலையூரில் அமைத்தார்கள்.

உச்சிக்குப் போனது ஏழாம் நாள். விடியற்காலை மூன்றரைக்கே தோழி எழுப்பிவிட்டாள். பத்து மணிக்கெல்லாம் மேகம் வந்து மலையை மூடிவிடும் என்றாள். மேட்டு நிலத்தில் பசும்புல்லும் மாடுகளும். மேலே ஏறி ஒரு வளைவு திரும்பினால் பச்சை முழுக்க நின்றுவிடுகிறது. செம்பழுப்பு மணல்வெளி, ஒரு மரம் இல்லை. அதைக் கடந்து பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்பில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் பெரும்பள்ளத்துக்குள் இறங்குகின்றன. இறங்கியபின் பாதை என்று ஒன்றும் இல்லை. பாறைமேல் வெள்ளைச் சாயப் புள்ளிகளை வைத்திருக்கிறார்கள், அவற்றை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். மேகம் இறங்கினால் அடுத்த புள்ளிகூடத் தெரியாது என்பதால் தோழி என்னை ஓரடி முன்னே விடவில்லை. சின்னக் குருவி ஒன்று கூடவே வந்தது. தெக்-தெக் என்று கத்துவதால் அதுவே அதன் பெயர். மனிதர்களைக் கண்டு அது அஞ்சுவதே இல்லை.

உச்சி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபோது கீழே தீயும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆழத்தில் கறுப்புத் தரை, அங்கங்கே மெல்லிய புகை. என் வயிறு குளிர்ந்துபோனது. போய்வர ஐந்தரை மணி நேரம் ஆயிற்று.

பயணப்பை தம்பிக்கு: வெடிப்பு வரும் என்று ஆய்வகம் எச்சரித்தால் பள்ளத்துக்குள் இறங்கும் வழியைப் பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டியிருந்தால் வருத்தப்படாதீர்கள். கடற்கரைச் சாலையில் கிராங் ப்ருலே என்ற பகுதிக்குப் போங்கள். எரிகுழம்பு கடலை நோக்கிப் போன தடங்களைச் சாலை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆண்டைக் குறித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். 2007 பலகையருகே இறங்கி உட்கார்ந்து பாருங்கள். கறுப்புக் கல்மேல் சாம்பல் நிறத்தில் பாசி போல ஒன்று படிந்திருக்கும். கல்பாசி வகை. முதலில் வந்து குடியேறுவது அதுதான். பிறகு பாறை இடுக்குகளில் சுருண்ட தலையோடு பெரணி முளைத்திருக்கும். இன்னும் பழைய தடங்களில் புதர். அதற்கும் பழையதில் காடு. ஒரு கிலோமீட்டர் நடந்தால் காடு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணாலேயே வாசித்துவிடலாம்.

வடம்பிடி

கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மதுரை வீரன் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அம்மா. நீங்கள் செய்தது தவறே அல்ல. நம் முன்னோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு மொழியே இல்லாமல் போய்விட்டது. தெரிந்தவர் சொல்லித்தராவிட்டால் வேறு யார் சொல்லித்தருவது? சரியானதைச் சொல்வதற்குக் கூச்சப்பட்டால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

கரும்பின்மகன்

எல்லோருக்கும் வணக்கம். நான் ரீயூனியனில், சேந்-ஆந்த்ரே நகரில் பிறந்தவன். முப்பது வயதுக்குமேல் தமிழ் கற்றேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடம்பிடி ஐயா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

1848 டிசம்பர் 20 அன்று எங்கள் தீவில் அடிமைத்தனம் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1860இல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்த பிறகு இன்னும் அதிகமாக வந்தோம். 1882இல் அது நின்றது. அந்தச் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு ஊரிலிருந்து புது ஆள் வரவில்லை, கடிதம் வரவில்லை. பள்ளியில் பிரெஞ்சு மட்டும்தான். ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தார்கள். ஆகவே என் பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் தமிழ். எங்களை 'மல்பார்' என்கிறார்கள். நாங்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு என்ன மிஞ்சியது? பூசாரிக்கு இன்றும் 'பூசாரி' என்றுதான் பெயர். தீமிதிக்குப் பதினெட்டு நாள் விரதம் இருக்கிறோம். பாஞ்சாலியைப் 'பாந்தியாலே' என்கிறோம், முனீஸ்வரனை 'மினிஸ்ப்ரேன்' என்கிறோம். என் பாட்டிக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு மாரியம்மன் பாட்டை விடிய விடியப் பாடுவார். பொருள் தெரியாமலேதான் பாடினார். பொருள் தெரியாத ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிக் காத்த ஒருவரிடம் வந்து முதல் வார்த்தையாகவே "தவறு" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்?

நான் தமிழ் கற்றது யாரும் திருத்தியதால் அல்ல. புதுச்சேரிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார். என் அம்மா ஊற்றிய 'ரசோன்' குடித்துவிட்டு, "என் அம்மா வைக்கும் ரசம் இது" என்று கண் கலங்கினார். அன்றைக்கே எனக்குக் கற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வடம்பிடி

கரும்பின்மகன் அவர்களே, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். பாட்டியின் நோட்டு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் சரியான உச்சரிப்பைச் சொல்லித்தர வேண்டும் என்ற கருத்திலிருந்து நான் மாறவில்லை. கேட்டால் சொல்லித்தர வேண்டும் என்று வேண்டுமானால் திருத்திக்கொள்கிறேன்.

பவளப்பாறை

நான் மொரீஷியஸ்காரி. மூன்று முறை போயிருக்கிறேன். எல்லோரும் கிழக்கையும் எரிமலையையும் பற்றியே பேசுகிறீர்கள், நடுவே இருக்கும் மூன்று மலைக்கிண்ணங்களை விட்டுவிடாதீர்கள். சலாசி, சிலாவோஸ், மஃபாத். பழைய எரிமலை சரிந்தும் மழையில் அரித்தும் உண்டான பள்ளங்கள் அவை. சுற்றிலும் செங்குத்துச் சுவர்கள், 2010 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்துதான் போக வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அரிசியும் எரிவாயுவும் ஹெலிகாப்டரில் வருகின்றன. சிலாவோஸுக்குச் சாலை உண்டு, நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். அந்த ஊர்ப் பருப்பை ஒரு கிலோவாவது வாங்கி வாருங்கள்.

சலாசியில் எல்-பூர் கிராமத்துக்குப் போனால் வேலி, மரம், பாறை எல்லாவற்றின் மேலும் ஒரே கொடி ஏறியிருக்கும். நம் சௌசௌ! அங்கே 'ஷூஷூ' என்கிறார்கள். காயைக் கறி வைக்கிறார்கள், கொழுந்தைக் கீரையாகச் சமைக்கிறார்கள், தண்டின் நாரில் தொப்பி பின்னுகிறார்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகிலேயே ஒரே நாளில் மிக அதிக மழை பெய்தது இந்தத் தீவின் மலையில்தான். 1966 ஜனவரியில், 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். மலைப்பாதையில் ஓடை பெருகினால் கடக்க முயலாதீர்கள், காத்திருங்கள். கடலில் சுறா ஆபத்து உண்டு. மேற்குக் கரையில் பவளத்திட்டுக்கு உள்ளே, அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள்.

பயணப்பை

எல்லோருக்கும் நன்றி. என் நண்பர் சேந்-பியேரில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? அக்கா, நீங்கள் என்ன கொண்டுபோனீர்கள்?

தென்கடல்

சேந்-பியேரில் நரசிங்கப் பெருமாள் கோவில் இருக்கிறது, நண்பரோடு போய்வாருங்கள். விதை, செடி, பழம் எதையும் எடுத்துப்போகாதீர்கள். தீவின் காட்டுக்குக் கேடு என்பதால் சுங்கத்தில் பறித்துவிடுவார்கள். வெளியிலிருந்து வந்த செடிகள் அங்கே இயற்கைக் காட்டை அழித்துவருவதைக் கண்ணால் பார்த்தேன். நான் கொண்டுபோனது அம்மா கொடுத்த கைத்தறிச் சேலை இரண்டு, வெண்கல விளக்கு ஒன்று.

இனிக் கடைசி இரண்டு நாளைச் சொல்லிவிடுகிறேன். முதல் பதிவில் எழுத மனம் வரவில்லை.

நான் இருந்தபோது அவர்கள் வீட்டில் 'சம்ப்ளானி' வந்தது. இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள். சாம்பிராணி என்ற சொல்தான் அப்படி ஆகியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையிலிருந்து தாயாரோடு அடுக்களையில் நின்றேன். தேங்காய் துருவினேன், வாழையிலை துடைத்தேன். இலைக்கு அங்கே 'ஃபேய் ஃபிக்'. அவர் சொல்லச் சொல்ல அந்தச் சொற்களைத் திரும்பச் சொன்னேன். மாமனாருக்குப் பிடித்த மீன் கறி, மாமியாருக்குச் சுண்டல், கொழுந்தனாருக்கு ஒரு சிகரெட், சிறு கோப்பையில் ரம். கடைசி இலை ஒன்று தனியாக இருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன். முதலில் கப்பலில் வந்தவருக்கு என்றாள் தோழி. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தோட்டப் பதிவேட்டில் இருந்த எண் மட்டும் வீட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த இலையில் வெறும் சோறும் உப்பும் பருப்பும்தான்.

படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரும் திண்ணையில் நின்றோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரிலும் இப்படித்தான் சாத்துவோம் என்று மட்டும் சொன்னேன். தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு அவரே ஒரு நோட்டை எடுத்துவந்தார். கரும்பின்மகன் எழுதினாரே, அதே மாதிரி பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ப் பாட்டு. பக்கங்கள் பழுத்து ஓரம் உதிர்கின்றன. படி என்றார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டாம் அடியில் அவர் என்னை நிறுத்தினார். "அப்படி இல்லை, இழுக்க வேண்டும்" என்று கையை மேலே கொண்டுபோய்க் காட்டிப் பாடினார். நான் பின்பற்றிப் பாடினேன். மறுபடி நிறுத்தினார், மறுபடி பாடினேன். ஆறாவது முறைதான் அவருக்குச் சம்மதம். பிறகு தோழியிடம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ஏதோ சொன்னார். இந்தப் பாட்டு மல்தேவிரின் பாட்டு, இதன் பொருள் என்ன என்று கேட்கிறார் என்றாள் தோழி. உட்கார்ந்து அடியடியாகச் சொன்னேன், விடிய ஒரு மணி ஆயிற்று. கண் மங்கிவருகிறது, இதைப் பெரிய எழுத்தில் தமிழிலும் பிரெஞ்சு எழுத்திலும் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். இங்கே வந்து எழுதி முடித்துவிட்டேன். தபாலில் அனுப்ப மனம் துணியவில்லை, தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

கரும்பின்மகன்

அக்கா, அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் பாட்டைப் பதிவு செய்துகொள்ள ஒருநாள் வருகிறேன். சேந்-ஆந்த்ரேயிலிருந்து அரை மணி நேரம்தான்.

பயணப்பை

அக்கா, நகராட்சிச் சான்று இன்று வந்துவிட்டது. டிக்கெட் ஆகஸ்ட் 9. நோட்டை என்னிடம் கொடுங்கள், கைப்பையில் வைத்துக் கொண்டுபோய் அந்த அம்மாவின் கையிலேயே தருகிறேன். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். நோட்டு எவ்வளவு பெரியது?